காம்பு பொறுக்கும் கமரா

1869இல் பதுளைக்குக் கிழக்கே, மடூல்சீமைத் தோட்டங்களில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் படிந்தது. இலங்கையில் கோப்பித் துரு நோய் முதலில் பதிவான இடம் அதுதான். கோப்பி அழிந்தது, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் 1890இல் தேயிலை வணிகர் லிப்டன் கட்டிய தொழிற்சாலை இன்றும் நிற்கிறது.

தோட்டத்து மக்கள் அதை 'ஸ்டோர்' என்பார்கள். உள்ளே போகும் கொழுந்து வாடி, உருளையில் நசுங்கி, நொதித்து, சூட்டில் காய்ந்து கறுக்கும். கொழுந்தோடு வந்த காம்பு மட்டும் கறுக்காது. அதில் சாறு குறைவு; செம்பழுப்பாகவே நிற்கும். கறுத்த பி.ஓ.பி. தரத் தூளுக்குள் இந்தச் சிவப்பு தெரிந்தால் கொழும்பு ஏலத்தில் விலை இறங்கும்.

ஆகவே பெண்கள் தரையில் உட்கார்ந்து, தேயிலையைப் பரப்பி, ஊசி மாதிரி கிடக்கும் காம்பை விரல்நுனியால் பொறுக்கினார்கள். கொழுந்து பறிப்பவரைப் படம் பிடிக்காத சுற்றுலாப் பயணி இல்லை. இவர்களைப் படம் பிடிப்பவர் அரிது. பிறகு உரசி மின்னேற்றிய உருளைகள் வந்தன. ஈரம் கூடிய காம்பும் நாரும் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒட்டாமல் தப்புவதும் உண்டு.

நிறம் பார்த்துப் பிரிக்கும் யோசனை தேயிலையில் பிறந்ததல்ல. 1930களில் அமெரிக்காவின் மிச்சிகனில் அவரை விதை பிரிக்க ஒளிமின்கலம் வைத்த இயந்திரம் செய்தார்கள். அது ஒவ்வொரு விதையாகத்தான் பார்க்கும். தேயிலைத் தூளுக்கு அது சரிவராது. 1969இல், மடூல்சீமைத் துருவுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி. என்னும் ஒளியுணர் சில்லைக் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான ஒளிப்புள்ளிகளை ஒரே வரிசையில் அடுக்கிய 'லைன் ஸ்கேன்' சென்சர் பின்னர் அதிலிருந்து வளர்ந்தது.

இங்கேதான் வடிவமைப்பாளரின் தலைவலி: தேயிலை கீழே விழும்போதே சென்சர் அதைப் பார்க்க வேண்டும். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் துகள் வினாடிக்கு ஏறத்தாழ 4.4 மீற்றர் வேகத்தைத் தொடும். சென்சர் வினாடிக்கு ஆயிரம் வரி எடுத்தால், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் துகள் 4.4 மில்லிமீற்றர் ஓடிவிடும். துகளே ஓரிரு மில்லிமீற்றர்தான்! பத்தாயிரம் வரி எடுத்தால் இடைவெளி 0.44 மில்லிமீற்றராகக் குறையும். ஆனால் வெளிச்சம் பிடிக்கக் கிடைக்கும் நேரமும் வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால் ஒளிப்புள்ளியைப் பெரிதாக்கினார்கள், விளக்கைக் கூட்டினார்கள், வரிசையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் வைத்து, சமிக்ஞைகளை ஒரே நேரத்தில் வெளியே எடுத்தார்கள். புள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான் விளம்பரங்கள் பேசும். தேயிலைக்கு அதைவிட வெளிச்சமும் வேகமுமே முக்கியம்.

சென்சருக்கு 5 சென்ரிமீற்றர் கீழே காற்றுக் குழாய் இருந்தால், துகள் அங்கே வந்துசேர 11 மில்லிவினாடி. அதற்குள் காம்பா, இலையா என்று முடிவெடுத்து, வால்வைத் திறந்து, ஊதித் தள்ளிவிட வேண்டும்.

ஜப்பானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட இத்தகைய இயந்திரங்கள் இப்போது இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஓடுகின்றன. ஆடி, ஆவணியில் வறண்ட கச்சான் காற்று கொண்டுவரும், இந்த ஊவா மலைத் தேயிலையின் வாசம் அவற்றுக்குத் தெரியாது. அதை இன்றும் தேநீரைச் சுவைத்துப் பார்ப்பவரின் நாக்குத்தான் சொல்கிறது.

கண்டிக்கு அருகே ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகம் பழைய உருளைகளையும் எஞ்சின்களையும் காத்துவைத்திருக்கிறது. பதுளைப் பக்கத்து ஸ்டோர்களில் காம்பு பொறுக்கிய பாட்டிமாரின் அனுபவத்தையும் யாராவது கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. அதன் மாணவர்கள் இதைத் தொடங்கலாம்.