தாமான், நெகாரா, நெகிரி: பகாங் காடுகளின் பெயரும் உரிமையும்

மலேசியத் தமிழரிடையே ‘தாமான்’ என்றவுடன் நினைவுக்கு வருவது வீடமைப்புப் பகுதியே. அச்சொல்லின் முதற்பொருளோ தோட்டம் என்பதாகும். அதனோடு சேர்ந்து வழங்கும் ‘நெகாரா’ நாட்டைக் குறிக்கும். நெகிரி செம்பிலான் என்னும் பெயரில் நாம் கேட்கும் ‘நெகிரி’ மாநிலத்தைக் குறிக்கும். இவ்விரண்டும் நகர, நகரீ என்னும் வடசொற்களின் மலாய் வடிவங்கள். சங்க நூல்களில் மாளிகையையும் கோயிலையும் சுட்டிய ‘நகர்’ பிற்காலத் தமிழில் பேரூரைச் சுட்டியது. மலாயிலோ அதன் இனச்சொற்கள் நாடாகவும் மாநிலமாகவும் விரிந்தன. தாமான் நெகாரா என்பதைத் தேசியப் பூங்கா என்றும், தாமான் நெகிரி என்பதை மாநிலப் பூங்கா என்றும் பெயர்த்து வழங்குகிறோம். பெயர்ப்பில் பிழையில்லை. ஆயினும் காட்டின் உரிமை எவரிடம் உள்ளது என்பதை அப்பெயர்கள் சரிவரக் காட்டுவதில்லை.

பகாங் மாநிலத்தின் இரு மலைப்பகுதிகள் 1925ஆம் ஆண்டில் இருவேறு வழிகளில் திரும்பின. தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான, 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தாகானைச் சூழ்ந்த காடு அவ்வாண்டில் வனவிலங்குக் காப்பிடமாயிற்று. அதே ஆண்டில், மலாய்க் கூட்டு மாநிலங்களின் தலைமைச் செயலாளர் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல், 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டுரைத்த மேட்டுநிலத்தைப் பார்வையிட்டு, அது மலைவாழிடமாக வளரத் தக்கது எனக் கருதினார். முன்னது காவலுக்கு உரியதாயிற்று. பின்னது குடியேற்றத்துக்கும் பயிர்த்தொழிலுக்கும் உரியதாயிற்று.

தாகான் காட்டினை நிலையான பூங்காவாக்க நெடிது முயன்றவர், வேட்டையைக் கைவிட்டு வனவிலங்குகளின் காவலராக மாறிய தியோடோர் ஹப்பேக். அதன் பயனாக 1938, 1939ஆம் ஆண்டுகளில் கிளந்தான், பகாங், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் தனித்தனிச் சட்டம் இயற்றின. 4,343 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் பூங்காவாயிற்று. நாட்டு விடுதலைக்குப் பின் தாமான் நெகாரா எனப் பெயர் மாறியது. இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. பெயரால் தேசியப் பூங்காவாகிய இது, சட்டத்தால் மூன்று மாநிலப் பூங்காக்களின் தொகுதியாகும். 1980ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டமும் இம்மூன்றையும் தன் ஆளுகைக்கு வெளியே விட்டது. நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை எனக் கூட்டரசு அரசமைப்பு வகுத்திருப்பதே இதற்கு அடிப்படை. பேராக் மாநிலம் 2007இல் 1,17,500 எக்டர் காட்டினை ராயல் பெலும் மாநிலப் பூங்காவாக அறிவித்ததும் இவ்வதிகாரத்தினாலேயே.

இனி, திரிங்காப்பை நோக்குவோம். 1929இல் இம்மலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. 1931 அளவில் தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சாலை நிறைவுற்றது. தேயிலைக்கும் காய்கறிக்கும் சரிவுகள் திருத்தப்பட்டபோதும், 2,031 மீட்டர் உயரமுள்ள குனோங் பிரிஞ்சாங், 2,110 மீட்டர் உயரமுள்ள குனோங் ஈராவ் ஆகியவற்றின் முகடுகளில் பழைய காடு எஞ்சியது. ஓயாத மூடுபனியும் காற்றும் அங்கே மரங்களைக் குறுகி முறுக வைக்கின்றன. அடிமரம் முதல் கிளை வரை பாசி போர்த்தியுள்ளது. குடுவைச்செடிகளும் ஆர்க்கிட்டுகளும் மலைப்பூவரசின் இனங்களும் அங்கு வளர்கின்றன. மூடுபனியின் நீர்த்துளிகளை இலையும் பாசியும் பற்றிக்கொள்ள, கீழேயுள்ள மட்கு மண் அந்நீரை உறிஞ்சிவைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகிறது. தெலோம், பெர்த்தாம், லெமோய் ஆறுகள் இம்மலைநாட்டின் நீரைக் கொண்டு செல்கின்றன.

சரிவுகளில் காடு நீங்கினால் மண் நிற்பதில்லை. அம்மண் வண்டலாகி ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிவதை நாம் கண்டு வருகிறோம். 2013 அக்டோபர் 23 அன்று பெருமழையின்போது அணைநீர் திறக்கப்பட்டுப் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் மாண்டன. நீரைத் தேக்கிவைக்கும் இடம் குறைந்தால் வெள்ளத்தைத் தாங்கும் வலிமையும் குறைகிறது.

கேமரன் மலைக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு என்னும் வகையில் அடங்கும். காப்புக்காடு வேறு, பூங்கா வேறு. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி, காப்புக்காட்டை அறிவிப்பதும் அதிலிருந்து ஒரு பகுதியை நீக்குவதும் மாநில அரசின் கையில் உள்ளன. நீக்குவதற்கு முன் பொது விசாரணை வேண்டுமென 2022ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அதுவும் மாநிலங்கள் ஏற்ற பின்னரே நடைமுறைக்கு வரும். ஆகவே, இக்காட்டைக் குறித்த வினாவை முதலில் கேட்க வேண்டிய இடம் மாநிலமே. கேட்க வேண்டியவர் இங்கு வாழும் நாமே.

உயர்மலைக் குறுங்காட்டுக்குத் தமிழில் பழைய சொல் இல்லாமலில்லை. நீலகிரியின் ‘சோலை’ ஆங்கில வனவியலிலும் ஏறிய சொல். அங்கும் தேயிலையும் அயல்மரத் தோப்புகளும் சோலைகளைச் சுருக்கின, எஞ்சியவற்றுள் 78.46 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு 1990இல் முக்குருத்தித் தேசியப் பூங்காவாயிற்று. பிரிஞ்சாங் முகட்டுக் காடு சோலையினும் வேறுபட்டது. அதனைப் பாசிக்காடு எனலாம்.

ஆசிரியர்கள் மாணவரோடு அமர்ந்து, அக்காட்டின் மரஞ்செடிகளுக்கும் ஓடைகளுக்கும் வழங்கும் தமிழ், மலாய்ப் பெயர்களைத் தொகுத்தல் வேண்டும். நம்மினும் முன்னரே இங்கு வாழ்ந்த செமாய் மக்களைக் கேட்டு, அவர்தம் பெயர்களையும் இசைவுடன் பதிதல் வேண்டும். பெயர் மட்டும் காட்டைக் காப்பதில்லை. எனினும், பொது விசாரணை நிகழும் நாளில், எந்த ஓடை, எந்த முகடு எனச் சுட்டிப் பேசவல்லார் சொல்லுக்கே அங்கு இடமுண்டு.