வேகம் கூடியது, ஓட்டும் சுகம் கூடியதா?

இன்று கடைகளில் விற்கும் மின்சாரக் குடும்பக் கார்கள் பல, 1960-களின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்களை நேர் சாலையில் அலட்டிக்கொள்ளாமல் முந்திவிடும். அப்படியிருந்தும் அந்தப் பழைய கார்களுக்கு ஏங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வெறும் பழம்பெருமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. காரணம் எந்திரத்திலேயே இருக்கிறது. (பிரிட்டனின் விண்டேஜ் கார் பிரியர்கள் 1919 முதல் 1930 வரை வந்தவற்றை மட்டும்தான் 'விண்டேஜ்' என்பார்கள். 60-களின் கார்கள் அவர்களுக்கு 'கிளாசிக்'. பேச்சு வழக்கில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்!)

லோட்டஸ் எலானை எடுத்துக்கொள்ளலாம். எடையைக் குறைப்பதையே வேதமாகக் கொண்டிருந்த காலின் சாப்மனின் நிறுவனம் 1962-ல் லண்டன் கண்காட்சியில் வைத்த கார் அது. நடுவில் முதுகெலும்பு போல ஒரு எஃகுச் சட்டம், அதன்மேல் ஃபைபர் கிளாஸ் கூடு, அவ்வளவுதான். எடை 700 கிலோவைக்கூடத் தொடவில்லை. கிட்டத்தட்ட ஒரு மாருதி 800! எஞ்சின் சுமார் 1.6 லிட்டர், 105 குதிரைசக்தி.

இவ்வளவு லேசான காருக்கு பவர் ஸ்டீயரிங் தேவைப்படவில்லை. டயர்களும் ஒல்லியானவை. அதனால் சாலையின் சொரசொரப்பு அப்படியே ஓட்டுபவரின் விரல்களுக்கு வந்து சேர்ந்தது. வளைவில் முன் டயர் பிடிமானத்தை இழக்கத் தொடங்கினால், கையில் ஸ்டீயரிங் லேசாகிவிடும். வழுக்குவதற்கு முன்பே ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். இன்னொரு விஷயம், ஒல்லி டயரின் எல்லை சீக்கிரமே வந்துவிடும். கிராமத்துச் சாலையில் 80 கி.மீ. வேகத்திலேயே எலான் ஓட்டுபவருக்குக் கை நிறைய வேலை இருக்கும். இன்றைய சூப்பர் கார் அந்த வேகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். அது விழித்துக்கொள்ளும் வேகத்தில் போனால் லைசென்ஸ் மிஞ்சாது.

இந்தச் சுகம் ஏன் போயிற்று? பெரும்பகுதி நல்ல காரணங்களுக்காகத்தான். மோதல் பாதுகாப்பு, ஏர்பேக், வலுவான கதவுகள் எல்லாம் எடையைக் கூட்டின. எடை கூடியதும் அகல டயர் வந்தது, அதைத் திருப்ப பவர் ஸ்டீயரிங் வந்தது. பிறகு எரிபொருளை மிச்சப்படுத்த அது மின்மோட்டாருக்கு மாறியபோது, சாலையின் அதிர்வுகள் கைக்கு வருவது இன்னும் குறைந்தது. எலானின் கதவோ வெறும் ஃபைபர் கிளாஸ். பக்கவாட்டில் ஒரு லாரி மோதினால் என்ன ஆகும் என்பதைப் பழைய காரைப் புகழ்கிறவர்கள் பேசுவதே இல்லை! தவிர, அதன் அச்சுத் தண்டுகளில் ரப்பர் இணைப்புகள் இருந்தன. கிளட்சைக் கவனமில்லாமல் விட்டால் கார் குதித்துக் குதித்துப் போகும்.

இருந்தாலும் அந்த ஸ்டீயரிங்கை மறக்காதவர்கள் பொறியாளர்களிலேயே உண்டு. 1992-ல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கோர்டன் மர்ரே, எலானின் ஸ்டீயரிங்கைத் தன் காரில் எட்ட முடியவில்லையே என்று குறைப்பட்டவர். ஜப்பானின் மாஸ்டா 1989-ல் கொண்டுவந்த எம்எக்ஸ்-5 ஏறக்குறைய எலானின் பக்குவம்தான்: ஒரு டன்னுக்குக் குறைந்த எடை, முன்னால் எஞ்சின், பின்சக்கர இயக்கம். குதிரையும் வீரனும் ஒன்றாவது போல என்பது அவர்கள் வைத்த இலக்கு. 2016-க்குள் பத்து லட்சம் கார்கள் தயாராகிவிட்டன.

போர்ஷே கதை இன்னும் சுவாரசியம். 2013-ல் வந்த 911 ஜிடி3-யில் கையால் மாற்றும் கியரையே எடுத்துவிட்டார்கள். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் வேகமானது என்பதே காரணம். ரசிகர்கள் கொதித்தார்கள். 2016-ல் கை கியருடன் 991 கார்கள் மட்டும் '911 ஆர்' என்ற பெயரில் வந்தன. மறுவிற்பனையில் அவற்றின் விலை எங்கோ போய்விட்டது. மறுவருடமே ஜிடி3-க்கும் கை கியர் திரும்பியது. நிறுவனத்தின் கணக்குப்படி 100 கி.மீ. வேகத்தைத் தொட ஆட்டோமேட்டிக்குக்கு 3.4 விநாடி, கை கியருக்கு 3.9. அரை விநாடி தாமதம் என்று தெரிந்தேதான் அதைக் கேட்டு வாங்கினார்கள்.