நேதாஜி கிளப் சாம்பியன் ஆன கதை

ஃபுட்பால் என்றால் நம்ம பசங்களுக்கு பிரேசில், அர்ஜென்டினா, மிஞ்சிப் போனால் மான்செஸ்டர் யுனைடெட். தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீக் சாம்பியன் ஆனது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? பேராவூரணி பக்கம் பொங்கல் வந்தால் சுவரெல்லாம் கபடி போஸ்டர்தான். தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை!

அந்த கிளப்பின் பெயர் சென்னை சிட்டி. 1946ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் ஆரம்பித்தது. எழுபது வருஷம் கழித்து, 2016 டிசம்பரில் ஐ-லீக்கில் நேரடி இடம் கிடைத்தது. முதல் இரண்டு சீசனிலும் பத்து அணிகளில் எட்டாவது. ஏதோ பாஸ் மார்க் வாங்கித் தப்பித்த மாதிரி.

2018ல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். ஸ்பெயினிலிருந்து சில ஆட்டக்காரர்கள். கூடவே பெட்ரோ மான்சி. உருகுவேயின் மாண்டவிடியோவில் பிறந்தவர், ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தவர், பெரிய பெயர் கிடையாது. முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக் அடித்தார். சீசன் முடிவில் மொத்தம் 21 கோல்!

2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். இடம் கோவை நேரு ஸ்டேடியம் (பெயரில்தான் சென்னை). எதிரணி மினர்வா பஞ்சாப். ஜெயித்தால் கப், கோட்டை விட்டால் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடும். மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை 0-1. பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார், டிஃபென்டர் கவுரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி... தேசிய லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு கிளப்.

அதே 2019ல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்த எண் புரியும். சிறப்புத் தீர்மானத்துக்கு 75 சதவீத ஓட்டு வேண்டும், அதாவது 26 வைத்திருப்பவர் தடுக்க முடியும்.

ஆனால் கப் தூக்கிய நேரம் சரியில்லை. 2019 அக்டோபரில் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று ஆசியக் கூட்டமைப்பு ஒப்புக்கொண்டது. ஆசிய சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு கிடைத்த கடைசி ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டிதான். அதிலும் 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 தோல்வி. நெய்வேலிப் பையன் எட்வின் வான்ஸ்பால் ஏற்கனவே ஐ.எஸ்.எல்.லில் ஆடும் சென்னையின் அணிக்குப் போயிருந்தார். மான்சி ஜப்பானுக்குப் போனார். பிறகு கொரோனா. கிளப் லைசென்ஸ் விதிகளைப் பூர்த்தி செய்யாததால் 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை.

சென்னை சிட்டியோடு அதே 2016 டிசம்பரில் ஐ-லீக்குக்குள் வந்ததுதான் மினர்வாவும். 2020ல் ரவுண்ட்கிளாஸ் நிறுவனம் அதை முழுசாக வாங்கியது. 2022-23ல் பஞ்சாப் அணி ஐ-லீக்கை வென்று ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறியது. கோவையில் 3-1 என்று தோற்ற அதே கிளப்.