பின்தொடர்தல் நின்ற ஆண்டு: பெருந்தொற்றும் வடசென்னையில் மருத்துவ ஆய்வும்

பெருந்தொற்றில் அறிவியலாளர்கள் எதை இழந்தார்கள் என்ற கேள்விக்கு உலக அளவில் முதலில் வந்த விடைகள் மணிக்கணக்கில் இருந்தன. 2020இல் கைல் மையர்ஸ் குழுவினர் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வாளர்கள் சுமார் 4,500 பேரிடம் விவரம் கேட்டனர். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ளவர்களின் ஆய்வு நேரம் மற்றவர்களைவிட 17 விழுக்காடு கூடுதலாகக் குறைந்திருந்தது. மதிக்கத்தக்க ஆய்வுதான். ஆனால் வடசென்னையின் இராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. இங்கே பணியாற்றியவர்களுக்கு வேலை குறையவில்லை, பெருகியது. அறுபட்டது ஆண்டுக்கணக்கில் நோயாளியைப் பின்தொடரும் ஆய்வு. அந்த இழப்பு இன்னும் முறையாகக் கணக்கில் வரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னையின் மருத்துவ ஆய்வுக்குப் பெயர் வாங்கித் தந்ததே பின்தொடர்தல்தான். 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சேத்துப்பட்டில் இருக்கிறது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கலாமா என்பதை அங்கே சோதித்தார்கள். ஆய்வுக்குட்பட்டவர்கள் நகரின் ஏழைகள், நெரிசலான வீடுகளில் இருந்தவர்கள். பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிப் போய் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்ற முடிவு 1959இல் வெளியானது. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கு மாறியது. உடனிருந்த குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதை உறுதிசெய்ய அவர்களையும் ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்த வாசற்படி ஏறலை எடுத்துவிட்டால் ஆய்வில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வும் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகே முழு முடிவைச் சொன்னது.

2020 மார்ச் 25 முதல் பொதுமுடக்கம். ஏப்ரல், மே மாதங்களில் சென்னை மாநகராட்சியின் தொற்றுப் பட்டியலில் இராயபுரம் மண்டலம் முன்னணியில் நின்றது. காசநோய்க்காக வாங்கிய ட்ரூநாட் கருவிகள் கொரோனா பரிசோதனைக்குப் போயின. மேசைமேல் அடங்கும், பேட்டரியில் ஓடும் கருவி அது; ஒரு சில்லுக்கு ஒரு மாதிரி, ஒரு மணி நேரத்துக்குள் முடிவு. அதில் தொண்டைச் சளி ஏறிய நேரம் காசநோயாளியின் சளிக்கு இல்லை. கருவியோடு அதை இயக்கிய ஆளும் போனார். நாடு முழுவதும் 2019இல் பதிவான காசநோயாளிகள் 24.04 லட்சம், 2020இல் 18.05 லட்சம். நோய் ஓராண்டில் கால் பங்கு ஒழிந்துவிடவில்லை, பதிவுதான் குறைந்தது. சுமை தூக்குவோரும் மீனவரும் ஆலைத் தொழிலாளரும் அடர்ந்து வாழும் ஒரு வட்டாரத்தில் இந்தப் பள்ளம் எத்தனை வீடுகளுக்குள் இருந்திருக்கும்?

பழைய வண்ணாரப்பேட்டையை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையில் இழப்பு வேறு வடிவில் வந்தது. முதுநிலை மாணவர் முதலாண்டில் தலைப்பைப் பதிவுசெய்து, அடுத்த ஆண்டுகளில் நோயாளிகளைச் சேர்த்து ஆய்வேட்டை முடிப்பது வழக்கம். ஒத்திவைக்கக்கூடிய அறுவை சிகிச்சைகள் நின்று, புறநோயாளிகள் வராமல், மாணவர்களே கொரோனா வார்டில் பணியாற்றினால் ஆய்வேட்டுக்கு நோயாளி எங்கிருந்து கிடைப்பார்? 2021 ஏப்ரல் 18இல் நடக்கவேண்டிய முதுநிலை நீட் தேர்வு செப்டம்பர் 11க்குத் தள்ளிப்போனது. கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. புதிய அணி வராத அந்த மாதங்களில் மூத்த மாணவர்களே இருவர் வேலையைச் சுமந்தார்கள். அவர்களின் ஆய்வுப் பயிற்சிக்கு ஏற்பட்ட இழப்பை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது.

இதற்கு மறுப்பு உண்டு: கொரோனாப் பணியே அறிவியல் பணிதானே? ஆம். 2020 ஜூலையில் அதே காசநோய் நிறுவனம் மாநகராட்சியுடன் சேர்ந்து வீடுவீடாக ரத்தம் எடுத்து, சோதித்தவர்களில் 21.5 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பணுக்கள் இருப்பதைக் கண்டது. தண்டையார்பேட்டை மண்டலத்தில்தான் விகிதம் மிக அதிகம். சென்னையில் அதுவரை பதிவான தொற்று ஒரு லட்சத்தை ஒட்டியே இருக்க, உண்மையில் தொற்றியோர் அதைப்போல் பல மடங்கு என்பது இதனால் தெளிவானது. இது பெரும் சாதனை. ஆனால் அந்தத் திறமை அறுபதாண்டுக் காசநோய்க் களப்பணி வளர்த்தெடுத்தது. அவசரத்துக்கு அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழித்தோம். செலவழித்தது சரி, திருப்பி வைக்க ஏற்பாடு செய்யாதது தவறு. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு காலநீட்டிப்பு தந்தது. எழுதுகிறவருக்கு அது உதவும். இடம்பெயர்ந்துபோன நோயாளியையோ எடுக்கப்படாத சளி மாதிரியையோ காலநீட்டிப்பு மீட்டுத் தராது.

அடுத்த தொற்றுக்கான திட்டத்தில், எந்த நெருக்கடியிலும் வேறு பணிக்கு மாற்றப்படாத ஒரு சிறு பின்தொடர்தல் அணி ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்திலும் இருக்கவேண்டும். அதற்கெனத் தனி நிதியும் ஒதுக்கவேண்டும். வடசென்னையின் 2020, 2021 ஆண்டுத் தரவுகளை எடுத்தாளும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்த ஈராண்டுகளைப் பிற ஆண்டுகளோடு சேர்த்துச் சராசரி காணாதீர்கள், பதிவு விடுபட்ட ஆண்டுகள் என்று அட்டவணையிலேயே குறியுங்கள்.