ஹுஸைனாரா காத்தூன் வழக்கு: பிணைக்குக் காசில்லாதவர்களின் கதை

இந்தியாவில் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் ஹுஸைனாரா காத்தூன் என்ற பெயரைக் கேள்விப்படாமல் பரீட்சை மண்டபத்துக்குப் போக முடியாது. 1979இல் இந்திய உச்ச நீதிமன்றம் (நாம் இங்கே உயர் நீதிமன்றம் என்போம்) விசாரித்த ஒரு வழக்கின் முதல் மனுதாரர் அவர். பீஹார் சிறையில் கிடந்த ஒரு முஸ்லிம் பெண். பெயர் பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரோடு சேர்ந்து சிறையில் இருந்தவர்கள் எதற்காக இருந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கவில்லை. பிணை எடுக்கக் காசில்லை, அவ்வளவுதான்.

பிணை என்பது சட்டத்தில் ஒரு சலுகை போலத் தெரியும். பிடிபட்டவர் வழக்குக்குத் திரும்பி வருவார் என்பதற்கு ஓர் உத்தரவாதம் வேண்டும், நியாயம்தான். ஆனால் அந்த உத்தரவாதத்தைச் சொத்தை வைத்து அளக்கத் தொடங்கியபோதுதான் கோளாறு வந்தது. காசுள்ளவன் அந்திக்கு வீட்டுக்குப் போய்விடுவான். கூலிக்காரன் விளக்கமறியலுக்குப் போவான். அவனுடைய வேலை போகும், பிள்ளைகள் பசியில் கிடக்கும், வழக்குப் பேச சட்டத்தரணியும் இருக்காது. நீதிபதி பி. என். பகவதி தலைமையில் குஜராத்தில் அமைந்த சட்ட உதவிக் குழு 1971லேயே இந்த அநியாயத்தை எழுதி வைத்தது. குழு அறிக்கைகளுக்கு எங்கும் நடப்பது அதற்கும் நடந்தது.

1978இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் முன் வந்த மோதி ராம் வழக்கு இந்தப் பிரச்சினையின் முழு உருவத்தையும் காட்டும். மனுதாரர் ஓர் ஏழை மேசன். அவரைப் பிணையில் விடச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. கீழே இருந்த நீதவானோ 10,000 ரூபாவுக்குப் பிணையாளி கேட்டார். தம்பியோ நானாவோ, கூடப் பிறந்தவர் ஒருவர் பிணை நிற்க வந்தார். அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அதுவும் மறுக்கப்பட்டது. ஒரு மேசன் 10,000 ரூபாவுக்கு எங்கே போவது? கிருஷ்ணய்யர் தொகையை 1,000 ரூபாவாகக் குறைத்து, சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஒரு தமிழரோ மலையாளியோ வடக்கில் பிடிபட்டால் உள்ளூர்ப் பிணையாளிக்கு எங்கே போவார் என்ற கேள்வியையும் அந்தத் தீர்ப்பில் எழுப்பினார்.

இந்த இடத்தில் நமது பிக்ஹு நூல்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. பொருளுக்குப் பொறுப்பேற்பது ஒன்று, ஆளுக்குப் பொறுப்பேற்பது இன்னொன்று என்று கபாலாவை அவை பிரித்தே பேசுகின்றன. ஷாபிஈ மத்ஹபில் கபாலதுல் பதன் என்பது இரண்டாவது வகை. ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அதில் பொறுப்பு. மோதி ராமின் சகோதரரிடம் கேட்டிருக்க வேண்டியதும் அதைத்தான்.

இனி பீஹாருக்கு வருவோம். தேசியப் பொலிஸ் ஆணைக்குழுவின் உறுப்பினராக இருந்த கே. எப். ருஸ்தம்ஜி அங்குள்ள சிறைகளைப் பார்த்துவிட்டு எழுதியவை 1979 ஜனவரி 8, 9ஆம் திகதிகளில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பத்திரிகையில் வந்தன. டெல்லியில் இருந்த சட்டத்தரணி கபிலா ஹிங்கோரானி அதை வாசித்தார். வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். இவர் ஆட்கொணர்வு மனு எழுதினார். வழமையான நடைமுறைப்படி பார்த்தால் கைதியோ உறவினரோதான் வர வேண்டும், சட்டத்தரணிக்குக் கையொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் வேண்டும். பாட்னாவிலும் முஸாபர்பூரிலும் அடைபட்டுக் கிடப்பவர் டெல்லிக்குக் கையொப்பம் அனுப்புவது எப்படி? அந்தக் கதவு அன்று திறந்தது. பொதுநல வழக்கு என்று பிற்பாடு பெரிதாக வளர்ந்த மரபின் தொடக்கங்களில் இது முக்கியமானது.

பீஹார் அரசுக்கு அறிவித்தல் போயும் முதலில் அதன் சார்பில் எவரும் ஆஜராகவில்லை. அலட்சியத்தின் அளவு அதிலேயே தெரிகிறது. பெப்ரவரி 12ஆம் திகதி வந்த முதல் உத்தரவில் பகவதி எடுத்துக்காட்டிய விபரங்கள் இன்று வாசித்தாலும் நெஞ்சைப் பிசையும். சிறு குற்றச்சாட்டுகளுக்காக ஐந்து, ஏழு, பத்து வருடங்கள் என்று உள்ளே கிடந்தவர்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தாலும் கிடைக்கக்கூடிய உச்சத் தண்டனையைத் தாண்டியவர்கள். சிறுவர்களும் இருந்தார்கள். எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத பெண்கள்கூட ‘பாதுகாப்புக் காவல்’ என்ற பெயரில் சிறையில் வைக்கப்பட்டிருந்தார்கள். சாட்சி சொல்ல வேண்டியவள், பாதிக்கப்பட்டவள், அவளுக்கும் ஜெயில்! இவர்களை நலன்புரி இல்லங்களுக்கு மாற்றும்படி நீதிமன்றம் சொன்னது. மார்ச் 9ஆம் திகதி உத்தரவு இன்னும் ஒரு படி மேலே போனது. தாமதமில்லாத விசாரணையும் ஏழைக்கு இலவச சட்ட உதவியும் யாப்பின் 21ஆம் உறுப்புரைக்குள் அடங்கும், கையில் நிதியில்லை என்று அரசு தப்ப முடியாது என்றது.

பகவதியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அவசரகாலத்தில் தடுத்து வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு கேட்க முடியாது என்று 1976இல் தீர்ப்பளித்த பெரும்பான்மையில் அவரும் இருந்தார். மூன்றே வருடத்தில் அதே மனு வழியாக ஏழைக் கைதிகளுக்குக் கதவைத் திறந்தார். பழைய கறையைக் கழுவத்தான் இப்படிச் செய்தார் என்பவர்கள் உண்டு. இருக்கட்டுமே, வெளியே வந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல.

சட்டப் புத்தகம் திருந்த இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. பிணை வழங்கக்கூடிய குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் பிணையாளி கொண்டுவர முடியாதவரை வறியவர் என்று கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் என்ற விதி 2005இல்தான் வந்தது. உச்சத் தண்டனையில் பாதியை விளக்கமறியலிலேயே கழித்தவரை விட வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில்தான். அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகளே.

நமது நாட்டுக் கணக்கும் இதற்குத் தூரமில்லை. இங்கே 1978இன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு வந்தது. பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று 1997இன் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் சொல்கிறது. ஆனால் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் சிறைக்குப் போகிறவர்கள்தான் தண்டனைக் கைதிகளில் பெரும் பகுதி. அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கோ யாப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தவணை தருகிறது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோ அதைத் தாக்கல் செய்ய வேண்டும். பத்திரிகையை வாசித்துவிட்டு, முன்பின் தெரியாத கைதிக்காக ஒரு ஹிங்கோரானி இங்கே வருவதென்றால் அந்த ஒரு மாதத்துக்குள் வர வேண்டும்.

ஹிங்கோரானி அந்த ஒரு வழக்கோடு நிற்கவில்லை. பீஹாரின் பாகல்பூரில் பொலிஸார் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய கொடூரத்தையும் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். அந்தக் கைதிகளை முதன்முதலில் நீதவான் முன் நிறுத்தியபோது, உனக்குச் சட்டத்தரணி இருக்கிறாரா என்று எவரும் கேட்டிருக்கவில்லை. சட்ட உதவி விசாரணை தொடங்கும்போது அல்ல, நீதவான் முன் முதல் தடவை கொண்டுவரும் அன்றைக்கே கிடைக்க வேண்டும் என்று 1981இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.