குற்றாலம் காட்டுக்கோழி இறகுக்கு வெளிநாட்டில் ஏன் இவ்வளவு மவுசு? சால்மன் தூண்டிலுக்கு இறகு எப்படி தேர்வு செய்கிறார்கள்?

கீழப்பாவூர் குளக்கரையில் நின்று மேற்கே பார்த்தால் குற்றாலம் மலை தெரியும். அந்த மலைக்காட்டில் விடியற்காலையில் கூவும் காட்டுச்சேவலின் கழுத்து இறகுக்கு ஸ்காட்லாந்து, நார்வே வரைக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். சமைப்பதற்கோ, அலங்காரத்துக்கோ இல்லை. மீன் பிடிக்க!

சால்மன் மீனுக்கும் நம்ம ஊர் சேவலுக்கும் என்ன சம்பந்தம்? இந்த இறகை இங்கே யாராவது விற்க முடியுமா? விரிவாகப் பார்ப்போம்.

சால்மன் ஃப்ளை என்றால் என்ன?

நம்ம ஊரில் தூண்டில் முள்ளில் மண்புழுவோ மாவு உருண்டையோ வைப்பார்கள். மேலை நாடுகளில் இறகு, பட்டு நூல், ஜரிகை ஆகியவற்றை முள்ளைச் சுற்றிக் கட்டி, வண்ணப் பூச்சி போல ஒன்றைச் செய்வார்கள். அதுதான் ஃப்ளை. சால்மன் மீனுக்காகக் கட்டுவது சால்மன் ஃப்ளை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் அட்லாண்டிக் சால்மன், பொதுவாக இரை எடுப்பதை நிறுத்திவிடும். அதனால் இந்த ஃப்ளை எந்த நிஜப் பூச்சி மாதிரியும் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மீனைச் சீண்டி, கவ்வ வைத்தால் போதும். அப்படியானால் இத்தனை அலங்காரம் யாருக்காக? பெரும்பாலும் கட்டுகிற மனிதர்களின் கண்ணுக்காகத்தான்.

19-ம் நூற்றாண்டு பிரிட்டனில் இது பெரிய மோகமாக மாறியது. ஜார்ஜ் கெல்சன் 1895-ல் வெளியிட்ட 'தி சால்மன் ஃப்ளை' புத்தகம், எந்த ஃப்ளைக்கு எந்தப் பறவையின் இறகு என்று விலாவாரியாகச் சொன்னது. தங்க நிறக் கொண்டை கொண்ட சீன வனக்கோழி, தென் அமெரிக்காவின் டூக்கான் என்று உலகம் முழுவதும் இருந்து இறகுகள் போயின. இந்தியாவிலிருந்து போனது காட்டுச்சேவலின் இறகு. 'ஜாக் ஸ்காட்' என்ற புகழ்பெற்ற ஃப்ளையிலும் இந்த இறகு உண்டு.

காட்டுச்சேவல் இறகில் அப்படி என்ன விசேஷம்?

சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயர் காலஸ் சோனெராட்டி. இந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே இயற்கையாக வாழும் பறவை இது. குளத்தில் நாம் பார்க்கிற கானாங்கோழி வேறு, இது வேறு.

சேவலின் கழுத்து இறகை உற்றுப் பார்த்தால் விஷயம் புரியும். கருமையான இறகில், தண்டு சில இடங்களில் தட்டையாக விரிந்து, மெழுகு பூசியது போல வெள்ளையாகவும் மஞ்சளாகவும் பளபளக்கும். நகம் ஒட்டி வைத்தது போல இருக்கும். ஃப்ளையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்தால், சிறு மீனின் கண் போலத் தெரியும். இயற்கையில் இதற்கு இணையான இறகு கிடைப்பது அபூர்வம்.

இன்னொரு தகவல்: நாம் வளர்க்கும் கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு, இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்கிறது என்று 2008-ல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது.

'கேப்' வாங்கும்போது என்ன பார்க்கிறார்கள்?

சேவலின் கழுத்துத் தோலை இறகோடு சேர்த்து உரித்துக் காயவைத்ததுதான் 'கேப்'. அதிலுள்ள நீண்ட கழுத்து இறகு 'ஹேக்கிள்'. சால்மன் ஃப்ளை கட்டுபவர்கள் கவனிப்பவை இவை:

• மென்மை: மிதக்கும் ஃப்ளைக்கு விறைப்பான இறகு வேண்டும். சால்மன் ஃப்ளை தண்ணீருக்குள் போவது. அதனால் ஓட்டத்தில் அசையும் மென்மையான இழைகள் தேவை.

• தண்டு: இறகை விரலில் சுற்றிப் பார்ப்பார்கள். தண்டு பிளந்தாலோ முறுக்கிக்கொண்டாலோ அது முள்ளிலும் சரியாகச் சுற்றாது.

• அளவு: ஒரே கேப்பில் சின்னது முதல் பெரியது வரை இறகு இருந்தால், பல அளவு முள்ளுக்கும் பயன்படும்.

• சாயம்: ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது. அடி முதல் நுனி வரை நிறம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

• தோல்: எண்ணெய்ப் பிசுக்கு, வாடை, பூச்சி அரித்த தடம் இருந்தால் வேண்டாம். நல்ல கேப்பாக இருந்தாலும், உறையில் போட்டு மூடிச் சில நாள் ஃப்ரீசரில் வைத்த பிறகே மற்ற இறகுகளோடு சேர்ப்பார்கள்.

காட்டுச்சேவல் கேப் என்றால் கூடுதலாக இரண்டு விஷயம். ஒன்று, அந்த 'நகம்' விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்பது. 'ஏ கிரேடு', 'பி கிரேடு' என்பதெல்லாம் விற்பவருக்கு விற்பவர் மாறும் என்பதால், நேரில் எண்ணிப் பார்ப்பதே பாதுகாப்பு. இரண்டாவதுதான் முக்கியம்: பறவை எங்கே வளர்ந்தது என்பதற்கான சான்று.

நம்ம ஊரில் எடுத்து விற்கலாமா?

கூடவே கூடாது. காட்டுக்கோழியை வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை வரை போகும். காட்டுப் பறவைகளையும் அவற்றின் பாகங்களையும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யவும் தடை இருக்கிறது. சர்வதேச அளவில் 'சைட்டீஸ்' ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்தப் பறவை உள்ளது. அதாவது, நாடு விட்டு நாடு போக அனுமதி ஆவணம் தேவை.

"மயிலிறகை மட்டும் கடையில் விற்கிறார்களே?" என்று கேட்கலாம். மயிலின் தோகை இறகுக்குச் சட்டத்திலேயே தனி விலக்கு இருக்கிறது. அது காட்டுக்கோழிக்குப் பொருந்தாது. "கீழே கிடந்த இறகுதானே" என்ற சமாதானமும் எடுபடாது.

அப்போது வெளிநாட்டில் எப்படிக் கிடைக்கிறது?

பிரிட்டன் போன்ற நாடுகளில் இந்தப் பறவையைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். அந்த கேப்கள் ஆவணத்தோடு விற்பனைக்கு வருகின்றன. விலை அதிகம். அதனால் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட போலி 'நகம்', வண்ணம் தீட்டிய வேறு பறவை இறகு போன்றவற்றையும் பலர் பயன்படுத்துகிறார்கள்.

அரிய இறகு மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2009-ல் இங்கிலாந்தின் டிரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்கள் திருடு போயின. திருடியவர், சால்மன் ஃப்ளை கட்டுவதில் பேர் வாங்கிய, லண்டனில் படித்த அமெரிக்க இசை மாணவர். ஆய்வுக்காகத் தலைமுறைகளாகக் காத்துவந்த தோல்களில் பல, இறகு இறகாக விலைபோய்விட்டன.

இங்கே ஃப்ளை கட்ட ஆசைப்பட்டால்?

சால்மன் நம்ம ஆறுகளில் இல்லை. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் நீலகிரியில் இருக்கிறது. அதைப் பிடிக்க முதலில் மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் அனுமதி விவரம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஃப்ளை கட்ட வீட்டுச் சேவலின் கழுத்து இறகே போதும். கறிக்கடையில் வீணாகப் போகும் அந்த இறகைக் கழுவிக் காயவைத்தால், கட்டிப் பழக அதைவிடச் சுலபமான பொருள் கிடையாது. மேலே சொன்ன மென்மை, தண்டு, அளவு சோதனைகள் அதற்கும் பொருந்தும்.

காட்டுக்கோழி உடனடியாக அழியும் ஆபத்தில் இல்லை என்றுதான் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. அது அப்படியே நீடிக்க, கறிக்காகவோ இறகுக்காகவோ யாராவது விற்க வந்தால் வாங்காமல் வனத் துறைக்குத் தகவல் சொல்வது நல்லது. மீனுக்கு எந்த இறகு என்று வித்தியாசம் தெரியாது. வாங்குபவருக்குத் தெரியும்.