மண்ணுக்குள் பட்ட அடியை யார் சொல்வது?

மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினார்கள். ஜேசிபியின் வாளி குடிதண்ணீர்க் குழாயில் இடித்துவிட்டது. பீறிட்டு அடிக்கவில்லை, ஒரு விரிசல், அதிலிருந்து நூல் பிடித்தாற்போல் தண்ணீர், அவ்வளவுதான். மேஸ்திரி பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வாங்கிவரச் சொன்னார். அதைக் கிழித்து இறுகச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கி, மண்ணைத் தள்ளி மூடினார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நானும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. நான்கு மாதம் கழித்துக் குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம் வந்தபோது, கசிவு எங்கே என்று தேடித் தெருவை நான்கு இடத்தில் மறுபடி வெட்டினார்கள்.

தோண்டுவோருக்கான சட்டங்களை எந்த ஊரில் படித்தாலும் எனக்கு அந்த டியூப்தான் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தையும் இந்தியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டியதும் அதுதான்.

வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில் 1999 ஜூன் 10 அன்று, பூங்கா ஒன்றின் வழியாகச் சென்ற 16 அங்குல பெட்ரோல் குழாய் வெடித்துப் பிளந்தது. சுமார் 9 லட்சம் லிட்டர் பெட்ரோல் ஓடையில் இறங்கித் தீப்பற்றியது. பத்து வயதுச் சிறுவர்கள் இருவரும், மீன் பிடித்துக்கொண்டிருந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் இறந்தார்கள். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பல காரணங்களைக் கண்டது. அவற்றுள் முதன்மையான ஒன்று, 1994இல் அருகிலிருந்த தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நடந்த வேலையின்போது தோண்டும் இயந்திரம் குழாயில் ஏற்படுத்திய சேதம். குழாயின் உட்புறச் சோதனைகளில் அந்த இடத்தில் கோளாறு தென்பட்டும், உரிமையாளரான நிறுவனம் தோண்டிப் பார்க்கவில்லை. மூடிய மண்ணுக்கு அடியில் அந்தக் காயம் ஐந்து வருடம் கிடந்தது.

தோண்டுமுன் தகவல் சொல்ல வேண்டும் என்ற சட்டம் அம்மாநிலத்தில் 1984லேயே வந்துவிட்டது. இன்றைய நடைமுறைப்படி, தோண்டுபவர் வேலை நடக்கும் எல்லையை வெள்ளைச் சாயத்தால் குறித்துவிட்டு, 2 முதல் 10 வேலை நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கான எண் 811. 2007 மே மாதத்திலிருந்து நாடு முழுதும் இதே எண்தான். அதன்பின் பொறுப்பு கை மாறுகிறது. கம்பியோ குழாயோ யாருடையதோ அவர் ஆள் அனுப்பித் தரையில் கோடு போட வேண்டும்: மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. அந்தக் கோட்டுக்கும் குழாய்க்கும் உள்ள வித்தியாசம் 24 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. முறைப்படி சொல்லியும் கோடு போடாமல் விட்டால், சேதத்துக்குத் தோண்டியவரைப் பிடிக்க முடியாது. சொல்லாமல் தோண்டி எரிவாயுக் குழாயை உடைத்தவருக்கோ அபராதம் உண்டு.

இந்தியாவில் நிலைமை துண்டு துண்டாக இருக்கிறது. பழைய இந்தியத் தந்திச் சட்டத்தின் 19ஏ பிரிவு, தந்திக் கம்பிக்குச் சேதம் வரக்கூடிய வேலையைத் தொடங்க ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்கச் சொன்னது. அந்தக் காகிதக் கடிதத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது, 2023 மார்ச் 22இல் பிரதமர் தொடங்கிவைத்த ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலி. ஒருங்கிணைப்பில்லாத தோண்டலால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அரசே அப்போது சொன்னது. தோண்டுபவர் செயலியில் இடத்தைக் குறிக்கிறார். அங்கே கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகிறது. அவர்கள் விவரம் தருகிறார்கள். இது நல்ல ஆரம்பம் என்றே நினைக்கிறேன். ஆனால் தொடங்கியபோது இதற்குப் பின்னால் நின்ற 2022ஆம் ஆண்டின் விதிகள் தந்திச் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்புக் கம்பிகளுக்காக எழுதப்பட்டவை. எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கு 1962ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. குழாய் போகும் பட்டையில் கட்டடம், கிணறு, குளம், மரம் எதுவும் கூடாது என்கிறது அது. எங்கள் தெருக் குடிநீர்க் குழாய் இந்த இரண்டிலும் இல்லை. ஒரே பள்ளத்தில் நாலு துறையின் சொத்து கிடக்கிறது. சட்டமோ ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பக்கம்.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இந்திய விதிகளின் பாரம் பெரும்பாலும் தோண்டுவதற்கு முந்தைய தகவலில் இருக்கிறது, அதுவும் திரையில் தெரியும் வரைபடத்தில். எங்கள் பக்கம் ஒரு தெருவின் குழாய் எங்கே வளைகிறது என்பது வரைபடத்தைவிட, ஓய்வுபெறப் போகும் ஒரு லைன்மேனுக்குத்தான் நன்றாகத் தெரியும். “ரெண்டு அடி தள்ளிப் போடு தம்பி” என்று அவர் காலால் தட்டிக் காட்டும் இடம்தான் நமக்கு நீலக் கோடு.

அமெரிக்காவோ முந்தைய தகவலோடு நிற்காமல் இன்னொரு படி எடுத்து வைத்தது. 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த கூட்டரசு விதிப்படி, எரிவாயு, எண்ணெய்க் குழாயில் தோண்டும்போது எந்தச் சேதம் நேர்ந்தாலும், கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உரிமையாளருக்கு உடனே சொல்லியாக வேண்டும். எரிவாயுவோ எண்ணெயோ வெளியேறினால் அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க வேண்டும். ‘கசிவு இல்லாவிட்டாலும்’ என்ற அந்தச் சொற்களில் எனக்கு பெல்லிங்ஹாம் தெரிகிறது. முன்கூட்டிச் சொல்லும் சட்டம் அங்கே இருந்தபோதே அந்த மூவரும் போனார்கள்.

நம் விதிகளில் அப்படி ஒரு வரியை எழுதுவது சுலபம். அதைப் பின்பற்ற வேண்டியவர் யார் என்று பார்த்தால்தான் கஷ்டம் புரியும். ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது. ஓட்டுகிற பையனுக்குச் சம்பளம் தினக்கூலி. குழாய் இடித்தது என்று அவன் சொன்னால் வண்டி நிற்கும். நின்ற மணிக்கு யார் காசு கொடுப்பது என்று மேஸ்திரி கேட்பார். வாஷிங்டன் சட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது: கோடு போடாததால் வேலை நின்றால், அந்தத் தாமதச் செலவைக் குழாய்க்காரரிடம் தோண்டியவர் கேட்டு வாங்கலாம். எங்கள் தெருவில் அன்று அப்படி ஒன்று இருந்து, இடித்ததைச் சொன்னவன் கூலிக்கும் அதே போல் ஒரு வழி இருந்திருந்தால், சைக்கிள் கடைக்கு ஆள் ஓடியிருக்காது.